அமெரிக்க ஃபெடரல் விதியை எங்கே தேடுவது? இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருந்து வேலை போனவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. "வேலை போனாலும் நாட்டில் தங்க 60 நாள் டைம் இருக்கு என்கிறார்கள். அது எங்கே எழுதியிருக்கிறது? எந்த நாளிலிருந்து எண்ணவேண்டும்? வாட்ஸ்அப் குழுவில் ஒன்று சொல்கிறார்கள், ஒரு வக்கீலின் பதிவில் வேறு மாதிரி இருக்கிறது, அரசுத் தளத்தில் மூன்றாவதாக ஒன்று. எதை எடுத்துக்கொள்வது?"

எச்-4இல் (எச்-1பிக்காரரின் துணைவர் விசா) வேலை பார்ப்பவர்கள், ஓபிடி (படிப்பை ஒட்டிய தற்காலிக வேலை அனுமதி) மாணவர்கள், ஓவர்டைம் கிடைக்காதவர்கள், சின்னதாக ஒரு கம்பெனி நடத்துபவர்கள் என்று எல்லோருக்கும் இதே தடுமாற்றம்தான். விதி எங்கேயோ இருக்கிறது என்று தெரியும். எந்த இடத்தில் பார்த்தால் நம்பலாம் என்பதுதான் தெரியவில்லை. விதியைப் படிக்க இருக்கும் வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் விசாவும் வேலையும் சார்ந்தவை. ஆனால் முறை எல்லா ஃபெடரல் விதிக்கும் பொருந்தும்.

## விதி பிறக்கும் இடம்

காங்கிரஸ் சட்டம் இயற்றுகிறது. அதைச் செயல்படுத்துவதற்கான விதிகளை ஏஜென்சிகள் எழுதுகின்றன. குடிவரவு என்றால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, சம்பளம் என்றால் தொழிலாளர் துறை, வரி என்றால் கருவூலத் துறை. 1946இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்படி, பொதுவாக ஏஜென்சி முதலில் வரைவை வெளியிடவேண்டும், மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும், அதற்குப் பிறகுதான் இறுதி விதி. இந்த வரைவு, இறுதி விதி இரண்டும் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற தினசரி அரசிதழில் வரும். அதில் நிலையாக நிற்கவேண்டிய வாசகம் மட்டும் சிஎஃப்ஆர் என்ற தொகுப்பில் போய்ச் சேரும். சிஎஃப்ஆரில் 50 டைட்டில்கள். டைட்டில் 8 குடிவரவு, 22 தூதரகங்களும் விசாவும், 26 வரி, 29 தொழிலாளர்.

இந்த ஏற்பாடே ஒரு குளறுபடியிலிருந்து வந்தது. 1930களில் விதிகள் ஒரே இடத்தில் வெளியாகவில்லை. டெக்சாஸ் எண்ணெய் உற்பத்தியாளர்கள் அரசுக்கு எதிராகத் தொடுத்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எந்த விதியை எதிர்த்து வழக்காடினார்களோ, அந்த விதி ஒரு திருத்தத்தில் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது. அரசு வக்கீல்களுக்கும் தெரியவில்லை, எதிர்த்தரப்புக்கும் தெரியவில்லை, கீழ் நீதிமன்றத்துக்கும் தெரியவில்லை. 1935 ஜனவரியில் பனாமா ரிஃபைனிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஃபெடரல் ரெஜிஸ்டர் சட்டம் நிறைவேறியது. முதல் இதழ் 1936 மார்ச் 14இல் வெளியானது.

ஒரே இடத்தில் வெளியிட்டாயிற்று என்றால், படிக்கவேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது. ஐடஹோ மாநிலத்தில் மெரில் என்ற விவசாயக் குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். 460 ஏக்கர் வசந்தகாலக் கோதுமைக்கு அரசுப் பயிர்க் காப்பீடு எடுத்தார்கள். அதில் 400 ஏக்கர், ஏற்கெனவே குளிர்காலக் கோதுமை போட்ட நிலத்தில் மறுபடி விதைத்தது. அதை மறைக்காமல் உள்ளூர் கமிட்டியிடம் சொன்னார்கள். "முழுவதும் காப்பீட்டில் வரும்" என்று பதில் கிடைத்தது. வறட்சியில் பயிர் போனது. மறுவிதைப்பு நிலத்துக்குக் காப்பீடு கிடையாது என்று ஃபெடரல் ரெஜிஸ்டரில் விதி இருந்தது. 1947இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விதி வெளியாகிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்ததாகவே கருதப்படும், அலுவலர் வாய்வார்த்தை அதை மாற்றாது என்பது அதன் சாரம். ஒவ்வொரு விவசாயிக்கும் ஃபெடரல் ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று தெரியும் என்று சொல்வது அபத்தம் என்று நீதிபதி ஜாக்சன் மாறுபட்டு எழுதினார். என் மனசும் அவர் பக்கம்தான். ஆனால் சட்டம் பெரும்பான்மையின் பக்கம் நிற்கிறது. ஹெல்ப்லைனில் பேசியவர் சொன்னதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்தத் தீர்ப்புதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கேள்வி எந்த வகை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

- இன்றைக்கு விதியின் வாசகம் என்ன?
- குறிப்பிட்ட ஒரு பழைய தேதியில் என்னவாக இருந்தது? 2019இல் செய்த வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் இன்றைய வாசகம் உதவாது.
- அந்த வாசகத்தை ஏன் அப்படி எழுதினார்கள்?
- ஏஜென்சி அதை நடைமுறையில் எப்படிப் பொருள்கொள்கிறது?
- நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யாமல் இருக்கிறதா, இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இவற்றோடு இரண்டு நடைமுறை விஷயங்கள். பார்த்த பக்கத்தை அதிகாரப்பூர்வமாக மேற்கோள் காட்டலாமா? அப்புறம், பணத்திலும் நேரத்திலும் என்ன செலவு?

## இ-சிஎஃப்ஆர்

சிஎஃப்ஆரின் இணைய வடிவம் இது. இலவசம். அநேகமாக ஒவ்வொரு வேலை நாளும் புதுப்பிக்கப்படுகிறது. முதலில் திறக்கவேண்டிய இடம் இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

60 நாள் கேள்வியை இங்கே வைத்துப் பார்க்கலாம். டைட்டில் 8, பிரிவு 214.1, உட்பிரிவு எல், அதில் இரண்டாவது பத்தி. மூன்று வாக்கியங்கள்தான். அதில் இருப்பதை நிதானமாகப் படித்தால், வாட்ஸ்அப் குழுக்களில் வராத பல விஷயங்கள் தெரியும். முதலாவது, "60 நாள்" என்று இல்லை, "60 நாள் வரை" என்று இருக்கிறது. இரண்டாவது, 60 நாள் அல்லது ஐ-94இல் (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) உள்ள அனுமதிக் காலம் முடியும் நாள், இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். அனுமதி முடிய 25 நாள்தான் மிச்சம் என்றால் கையில் இருப்பது 25 நாள். மூன்றாவது, ஒரு அனுமதிக் காலத்துக்கு ஒரு முறைதான். நான்காவது, துறை தன் விருப்புரிமையில் இதைக் குறைக்கலாம், அடியோடு மறுக்கவும் செய்யலாம். ஐந்தாவது, தனி அனுமதி இல்லாமல் அந்த நாட்களில் வேலை செய்யக்கூடாது. குடும்பத்தினருக்கும் இதே பாதுகாப்பு என்பதும் அங்கேயே இருக்கிறது.

விதியின் வாசகத்தை நேரடியாகப் படிப்பதில் இருக்கும் லாபம் இதுதான். சுருக்கிச் சொல்பவர்கள் முதலில் விட்டுவிடுவது "வரை", "எது முன்னதோ", "விருப்புரிமை" போன்ற சொற்களைத்தான். வாழ்க்கை தொங்குவதும் அந்தச் சொற்களில்தான்.

பழைய தேதி வேண்டும் என்றாலும் இங்கே கிடைக்கும், ஆனால் 2017 ஜனவரி வரைக்கும்தான் பின்னோக்கிப் போகமுடியும். இரண்டு தேதிகளைக் கொடுத்து நடுவில் எது மாறியது என்று பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்க்கலாம். ஒரு பிரிவு மாறினால் மின்னஞ்சல் வரும்படி பதிந்துவைக்கலாம். இதைச் செய்துவைக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. எச்-1பியில் இருப்பவர்கள் 214.2க்காவது பதிந்துவைப்பது நல்லது.

இனி மறைவான செலவுகள். அதிகாரப்பூர்வப் பதிப்பு என்ற தகுதி இதற்குக் கிடையாது. நம்பகமான தொகுப்புதான், ஆனால் அதிகாரப்பூர்வம் அல்ல என்று அந்தத் தளமே சொல்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இது ஒரு குறையே இல்லை.

பெரிய குறை வேறு. நீதிமன்றம் ஒரு விதியைத் தள்ளுபடி செய்தால், தொகுப்பில் வாசகம் தானாக மாறிவிடாது. ஏஜென்சி முறைப்படி திருத்தம் வெளியிட்டால்தான் மாறும். ஓவர்டைம் விதியைப் பாருங்கள். டைட்டில் 29, பிரிவு 541.600. வார இறுதியிலும் வேலை வாங்கிக்கொண்டு, "நீ சம்பளப் பணியாளர், ஓவர்டைம் கிடையாது" என்று சொல்வதற்கு வாரத்துக்குக் குறைந்தது எவ்வளவு சம்பளம் கொடுத்திருக்கவேண்டும் என்பது அங்கே இருக்கிறது. 2019 விதியில் அது 684 டாலர். 2024இல் அதை 844 ஆகவும், 2025 ஜனவரி 1 முதல் 1,128 ஆகவும் உயர்த்தினார்கள். 2024 நவம்பர் 15இல் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதியை நாடு முழுவதற்கும் ரத்து செய்தது. தொழிலாளர் துறை 684க்கே திரும்பியது. தொகுப்பில் மட்டும் 2024 வாசகம் அப்படியே நின்றது. அதைப் படித்துவிட்டு முதலாளியிடம் 1,128ஐக் காட்டிச் சண்டை போட்டால் சங்கடம் நமக்குத்தான்.

இன்னொன்று. விதியில் வரும் சொற்களின் வரையறை பல நேரம் அந்தப் பிரிவிலேயே இருக்காது, அதே பார்ட்டின் (பிரிவுகளின் தொகுதி) தொடக்கத்திலோ 1.2 போன்ற வேறு பிரிவிலோ ஒளிந்திருக்கும். "நாள்" என்ற சாதாரணச் சொல்லுக்குக்கூட தனி வரையறை உண்டு. ஒரு பிரிவை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டாம்.

## கவ்இன்ஃபோவில் உள்ள ஆண்டுப் பதிப்பு

கவ்இன்ஃபோ என்ற அரசுத் தளத்தில், அரசு அச்சகம் வெளியிடும் அதிகாரப்பூர்வ சிஎஃப்ஆர் இது. பிடிஎஃப் வடிவில், மின் கையொப்பத்தோடு, இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறைதான் புதுப்பிப்பு, அதுவும் நான்கு தவணையாக. 1 முதல் 16 வரை ஜனவரி 1 நிலவரம், 17 முதல் 27 வரை ஏப்ரல் 1, 28 முதல் 41 வரை ஜூலை 1, 42 முதல் 50 வரை அக்டோபர் 1. குடிவரவு டைட்டில் 8 என்பதால் ஒவ்வொரு பதிப்பும் ஜனவரி 1ஐக் காட்டும்.

இன்றைய நிலவரத்துக்கு இதைப் பார்ப்பது தவறு. பழைய நிலவரத்துக்கு இது தங்கம். 1996 முதல் பதிப்புகள் இருக்கின்றன. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஸ்டேட்டஸ் பற்றி ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) வந்தால், அந்த ஆண்டின் பதிப்பை எடுத்து, அந்தப் பக்கத்தையே வக்கீலிடம் கொடுக்கலாம். 2017க்கு முன்னால் என்றால் இ-சிஎஃப்ஆர் கைவிட்டுவிடும், இது கைகொடுக்கும். ஆண்டின் நடுவே மாற்றம் வந்திருந்தால் மட்டும் ஃபெடரல் ரெஜிஸ்டரையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

## ஃபெடரல் ரெஜிஸ்டர்

"ஏன் இப்படி எழுதினார்கள்" என்ற கேள்விக்கு இதைவிட்டால் வேறு இடம் இல்லை. ஒவ்வொரு இறுதி விதிக்கும் முன்னால் ஒரு நீண்ட முன்னுரை இருக்கும். மக்கள் என்ன கேட்டார்கள், ஏஜென்சி எதை ஏற்றது, எதை மறுத்தது, என்ன காரணம் என்று வரிசையாக இருக்கும். எச்-4 துணைவர்களுக்கு வேலை அனுமதி தந்த விதி 2015 பிப்ரவரி 25இல் வெளியாகி மே 26இல் அமலுக்கு வந்தது. அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான ஸ்டெம் ஓபிடி நீட்டிப்பை 24 மாதம் ஆக்கியது 2016 மார்ச் 11இல் வெளியானது. மேலே சொன்ன 60 நாள் 2016 நவம்பர் 18இல் வெளியாகி 2017 ஜனவரி 17இல் அமலானது. மூன்றுக்கும் முன்னுரைகளை இன்றும் படிக்கலாம். இ-சிஎஃப்ஆரில் ஒவ்வொரு பார்ட் அல்லது பிரிவின் அடியில் வரும் எண்கள் இந்த இதழ்களுக்கான வழிகாட்டி. "81 எஃப்ஆர் 82398" (ஃபெடரல் ரெஜிஸ்டர் 81ஆம் தொகுதி, பக்கம் 82398) போன்ற எண்ணை அப்படியே தேடலில் போட்டால் அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

ஏஜென்சி விதியாக இல்லாத, ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் ஆவணங்களும் இங்கேதான் வரும். 2025 செப்டம்பர் 19இல் கையெழுத்தான எச்-1பி பிரகடனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று செய்தி வந்த அந்த இரவில் எத்தனை பேர் விமான நிலையத்துக்கு ஓடினார்கள்! அது அதிபர் பிரகடனம். டைட்டில் 8இல் தேடினால் ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

மறைவான செலவு நேரம்தான். திருத்த விதிகள் "இந்தப் பத்தியில் இந்தச் சொல்லை நீக்கி அந்தச் சொல்லைச் சேர்க்கவும்" என்ற பாணியில் இருக்கும். பழைய வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமே ஒட்டவேண்டும். சில விதிகளில் முன்னுரை மட்டும் நூறு பக்கத்தைத் தாண்டும். பலர் வரைவு விதியைப் படித்துவிட்டு "சட்டம் வந்துவிட்டது" என்று பகிர்கிறார்கள். ஆவணத்தின் தொடக்கத்தில் "ஆக்‌ஷன்" என்ற வரியில் அது வரைவா, இறுதியா, இடைக்கால இறுதியா என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்த பிறகு மற்றதைப் படியுங்கள். அமலாகும் தேதி வேறு, வெளியான தேதி வேறு என்பதையும் கவனிக்கவேண்டும். மேற்கோளுக்கு வலைப்பக்கத்தை எடுக்காமல், அதே பக்கத்தில் இணைப்பாக இருக்கும் பிடிஎஃப்பை எடுங்கள்.

வரைவுக்கு வந்த கருத்துகளையும் இணைப்பு ஆவணங்களையும் படிக்க ரெகுலேஷன்ஸ்.கவ் என்ற தளம் உண்டு. நீங்களே கருத்து சொல்லவேண்டும் என்றால் அங்கேதான் போகவேண்டும். சும்மா விதியைத் தெரிந்துகொள்ள அது தேவைப்படாது.

## ஏஜென்சியின் சொந்தத் தளம்

நம் மக்களில் பெரும்பாலோர் தொடங்குவதும் முடிப்பதும் இங்கே. எளிய மொழி, கேள்வி-பதில், படிவங்கள் எல்லாம் இருப்பதால் அது இயல்புதான். ஆனால் இதில் இருப்பது வழிகாட்டுதல். குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ் ஏஜென்சியின் பாலிசி மேனுவல் போன்றவை அலுவலரைக் கட்டுப்படுத்தும், நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. முறைப்படி கருத்துக் கேட்காமல் எழுதப்படும் விளக்க விதிகளுக்குச் சட்டத்தின் வலு இல்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2024 ஜூன் 28இல் லோப்பர் பிரைட் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் ஏஜென்சியின் பொருளை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நாற்பதாண்டு வழக்கம் அதோடு முடிந்தது. "ஏஜென்சி சொல்லிவிட்டது" என்பது இப்போது முன்பைவிடப் பலவீனமான வாதம்.

அப்படியானால் இந்தத் தளத்தை ஒதுக்கிவிடலாமா? முடியாது. 60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்விக்கு விதியில் "வேலை நின்றது" என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. யுஎஸ்சிஐஎஸ் பக்கத்தில்தான், வேலை முடிந்த மறுநாளிலிருந்து, பொதுவாகச் சம்பளம் கொடுக்கப்பட்ட கடைசி நாளை வைத்து எண்ணப்படும் என்று இருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலர் அதைத்தான் பின்பற்றுவார். அதேபோல, ஒரு லட்சம் டாலர் பிரகடனம் யாருக்குப் பொருந்தும் என்பதில், அமெரிக்காவுக்குள் இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாற்றுபவர்களுக்கும் நீட்டிப்பவர்களுக்கும் பொருந்தாது என்ற தெளிவு 2025 அக்டோபர் 20இல் ஏஜென்சியின் பக்கத்தில்தான் வந்தது.

ஆக, விதிக்கும் நடைமுறைக்கும் இடையில் இருக்கும் இடைவெளியை இந்தத் தளம் நிரப்புகிறது. மறைவான செலவு என்னவென்றால், இந்தப் பக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். நீங்கள் நம்பி முடிவெடுத்த பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆக்கிச் சேமித்துவையுங்கள். நாளைக்கு அந்த வரி காணாமல் போனால், நீங்கள் நல்லெண்ணத்தோடு நடந்தீர்கள் என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

ஏஜென்சிகளுக்குள்ளேயே தீர்ப்புகளும் வரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2015 ஏப்ரலில் யுஎஸ்சிஐஎஸ்ஸின் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் சிமியோ என்ற முன்னுதாரணத் தீர்ப்பைத் தந்தது. வேலை செய்யும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறி, புது எல்சிஏ (சம்பளம், வேலை இடம் பற்றி முதலாளி தொழிலாளர் துறையில் தாக்கல் செய்யும் விண்ணப்பம்) தேவைப்பட்டால், திருத்திய எச்-1பி மனுவும் போடவேண்டும் என்றது. நம் ஐடி பிள்ளைகள் கிளையன்ட் மாறும்போதெல்லாம் தாக்கிய விஷயம். அது சிஎஃப்ஆர் வாசகத்தில் ஏறியது 2024 டிசம்பர் 18இல் வெளியாகி 2025 ஜனவரி 17இல் அமலான விதியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் சிஎஃப்ஆரை மட்டும் படித்தவருக்கு அந்தக் கட்டாயம் கண்ணில் பட்டிருக்காது. எல்லாத் தீர்ப்புக்கும் ஒரே எடை இல்லை. முன்னுதாரணம் என்று குறிக்கப்பட்டவை மட்டுமே எல்லா அலுவலர்களையும் கட்டுப்படுத்தும், ஆயிரக்கணக்கான மற்றவை அந்தந்த வழக்கோடு சரி.

## கார்னெல் பல்கலைக்கழகத்தின் எல்ஐஐ

1992இல் தொடங்கிய இலவசச் சட்டத் தளம். அரசின் தரவையே எடுத்து, வரையறைகளுக்கும் மூலச் சட்டத்துக்கும் இணைப்புப் போட்டுத் தருகிறது. ஃபோனில் படிக்க இதுவே வசதி. படிப்பதற்கு இது, சரிபார்க்க இ-சிஎஃப்ஆர். அவ்வளவுதான்.

## வெஸ்ட்லா, லெக்சிஸ்

பணம் கொடுத்து வாங்கும் இந்தச் சேவைகள் ஒரு கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகப் பதில் தருகின்றன: விதி இன்னும் நிற்கிறதா? ஒவ்வொரு பிரிவின் கீழும் அதைப் பற்றிய தீர்ப்புகளின் பட்டியல் இருக்கும். தள்ளுபடி ஆனது, கேள்விக்குள்ளானது எல்லாம் நிறக் குறியோடு தெரியும். எச்-4 வேலை அனுமதி விதி மீது 2015இலேயே வழக்கு தொடங்கியது. 2024 ஆகஸ்டில் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அத்தனை வருடமும் சிஎஃப்ஆர் வாசகத்தில் அந்த வழக்கின் சுவடே இல்லை. இந்த வகைத் தகவலுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

தனிநபர் சந்தா எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். விலையும் அதிகம், ஒப்பந்தக் காலமும் நீளம், பழகாதவருக்குத் தேடும் முறையும் கஷ்டம். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் பொதுச் சட்ட நூலகம் இருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டியிலும் ஒன்று உண்டு. பல இடங்களில் உள்ளே உட்கார்ந்து இந்தச் சேவைகளை இலவசமாகப் பயன்படுத்தலாம். நூலகரிடம் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் தேடும் முறையைக் காட்டுவார், சட்ட ஆலோசனை மட்டும் சொல்லமாட்டார். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபெடரல் டெபாசிட்டரி நூலகங்களும் இருக்கின்றன. அரசு வெளியீடுகளைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் தருவது அவற்றின் கடமை.

வழக்கை மட்டும் பார்க்கவேண்டும் என்றால் கோர்ட்லிசனர் தளமும் கூகிள் ஸ்காலரும் இலவசம். வழக்கு ஆவணங்களைத் தரும் ஃபெடரல் நீதிமன்றங்களின் பேசர் அமைப்பில் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் பொதுவாக 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை.

## செயற்கை நுண்ணறிவு சாட்பாட்

தேடத் தொடங்க உதவும். "இந்த விஷயம் எந்த டைட்டில், எந்த பார்ட்டில் இருக்கும்?" என்று கேட்பதற்குப் பரவாயில்லை. வாசகத்தையோ தீர்ப்பையோ அதிலிருந்து எடுக்கவே கூடாது. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்பாட் உருவாக்கிய இல்லாத தீர்ப்புகளை வக்கீல்களே தாக்கல் செய்தார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். அது தரும் ஒவ்வொரு பிரிவு எண்ணையும் இ-சிஎஃப்ஆரில் திறந்து பார்த்த பிறகே மேலே போங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | இன்றைய வாசகம் | பழைய வாசகம் | அதிகாரப்பூர்வமா | காரணம் தெரியுமா | இன்னும் நிற்கிறதா என்று தெரியுமா | செலவு |
|---|---|---|---|---|---|---|
| இ-சிஎஃப்ஆர் | மிக நன்று | 2017 முதல் | இல்லை | இல்லை | தெரியாது | இலவசம் |
| சிஎஃப்ஆர் ஆண்டுப் பதிப்பு | பொருந்தாது | 1996 முதல் | ஆம் | இல்லை | தெரியாது | இலவசம் |
| ஃபெடரல் ரெஜிஸ்டர் | துண்டு துண்டாக | 1936 முதல் | பிடிஎஃப் மட்டும் | மிக நன்று | தெரியாது | இலவசம், நேரம் அதிகம் |
| ஏஜென்சி தளம் | சுருக்கமாக | அரிது | விதி அல்ல | ஓரளவு | சில சமயம் | இலவசம் |
| எல்ஐஐ | நன்று | இல்லை | இல்லை | இல்லை | தெரியாது | இலவசம் |
| வெஸ்ட்லா, லெக்சிஸ் | நன்று | உண்டு | இல்லை | ஓரளவு | மிக நன்று | சந்தா, அல்லது சட்ட நூலகம் |

## யாருக்கு எது

வேலை போய்விட்டது, நாள் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால்: இ-சிஎஃப்ஆரில் பிரிவைப் படியுங்கள், ஏஜென்சி பக்கத்தில் எண்ணும் முறையைப் பாருங்கள், இரண்டையும் சேமித்துக்கொண்டு அதே வாரம் வக்கீலிடம் போங்கள். விதியைப் படித்துவிட்டுப் போனால் கேட்கும் கேள்வி கூர்மையாக இருக்கும், ஒரு மணிநேரக் கட்டணத்தில் கிடைக்கும் பயனும் கூடும். வக்கீல் வேண்டாம் என்று முடிவெடுப்பதற்காக இந்தத் தேடலைச் செய்யாதீர்கள். இது போன்ற நேரத்தில் ஸ்டேட்டஸ் போனால் எந்த விதியைக் காட்டியும் திரும்பப் பெறுவது கடினம்.

சம்பளம், ஓவர்டைம், எல்சிஏ தகராறு என்றால்: வாசகத்தோடு நிறுத்தவே கூடாது. தொழிலாளர் துறையின் பக்கத்தில் அந்த விதி இப்போது அமலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முதலாளிக்கு எழுதுங்கள். துறைப் பக்கம் தெளிவாக இல்லை என்றால் சட்ட நூலகம்.

பழைய வருடத்தைப் பற்றி நோட்டீஸ் வந்திருந்தால்: 2017க்குப் பின் என்றால் இ-சிஎஃப்ஆரில் அந்தத் தேதியைக் கொடுங்கள், அதற்கு முன் என்றால் ஆண்டுப் பதிப்பு. பதிலோடு இணைப்பதாக இருந்தால் எந்த ஆண்டானாலும் கவ்இன்ஃபோ பிடிஎஃப்பையே இணையுங்கள்.

புது விதி வரப்போகிறது என்று செய்தி கிளம்பினால்: ஃபெடரல் ரெஜிஸ்டர் தளத்தில் "பப்ளிக் இன்ஸ்பெக்ஷன்" என்ற பக்கம் உண்டு. அதிகாரப்பூர்வமாக வெளியாவதற்கு முன்னரே, பெரும்பாலும் முந்தைய வேலை நாள் காலை 8:45க்கு, கிழக்கு நேரப்படி, அந்த ஆவணம் அங்கே வந்துவிடும். அங்கே இல்லாத விதியைப் பற்றி வரும் ஃபார்வர்டுகளை அன்றைக்கு ஒதுக்கிவைக்கலாம். வந்திருந்தால் மூன்றே விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வரைவா இறுதியா, அமலாகும் தேதி எது, எந்த சிஎஃப்ஆர் பிரிவு மாறுகிறது. வரைவு என்றால் கருத்து சொல்ல, பெரும்பாலும் 30 முதல் 60 நாள் வரை இருக்கும். எச்-4 குடும்பங்கள், ஓபிடி மாணவர்கள் எழுதும் கருத்துகளில் முக்கியமானவற்றுக்கு ஏஜென்சி பதில் சொல்லியாகவேண்டும். நகல் எடுத்து ஒட்டிய ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்புவதைவிட, உங்கள் வீட்டு வரவு செலவில் அந்த விதி எதை மாற்றும் என்று உங்கள் எண்களோடு எழுதும் ஒரு பக்கம் அந்த முன்னுரையில் இடம்பிடிக்க வாய்ப்பு அதிகம்.